எட்டுப் பேர் லைனில் மூன்று பேருக்குச் சளி

உல்கான் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. ஒரு பெண் தைத்த காலரை வாங்கி, அதன் முனையைக் கட்டைவிரலால் உள்ளிருந்து நெம்பிப் பார்ப்பார். முனை கூராக வந்தால் அடுத்த பெண்ணின் மேசைக்குப் போகும். வராவிட்டால் தைத்தவள் மடிக்கே திரும்பும். திட்டு கிடையாது, விளக்கம் கிடையாது. எங்கள் தொழிற்பள்ளியின் தையல் ஆசிரியையாக ஒன்பது வருஷம் அவர் பாடம் நடத்தியது இப்படித்தான். நான் அங்கே தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பாதி நாள் அந்த அறையிலேயே கிடப்பேன். அதனால் தெரியும்.

கொச்கோர் என்ற மலையூர்ப் பக்கத்து ஆட்டுக்காரக் குடும்பம் அவருடையது. பத்தொன்பது வயதில் தலைநகரின் பின்னலாடை ஆலையில் சேர்ந்தார். ஏழாவது வருஷம் ஆலை மூடியது. சந்தையில் கொஞ்ச காலம் துணி விற்றார். பிறகு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில், ஜன்னல் இல்லாத அறையில், பன்னிரண்டு பெண்களோடு பதினான்கு வருஷம் லைனில் உட்கார்ந்து சட்டை தைத்தார். அங்கே கற்றதைத்தான் இங்கே கொண்டுவந்தார்.

லைன் என்றால் ஒருத்தி காலர், ஒருத்தி கைப்பட்டி, ஒருத்தி தோள் மூட்டு. வெட்டிய துணி கட்டுக் கட்டாக ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும். ஒருத்தி முன்னால் கட்டு குவிந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் வேலையை நிறுத்திவிட்டு, கேட்காமலே, மேலிருந்து நாலைந்து பீஸை எடுத்துத் தைத்துக் கொடுப்பாள். நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு செருகியிருக்கும். எந்த வேலையை யார் செய்தாள் என்று அவளவள் எண்ணை அதில் போட வேண்டும். தப்பு வந்தால் எண்ணைப் பார்த்து அவளிடமே திரும்பும். "சீட்டுல நம்பர் இல்லாத சட்டை திருட்டுச் சட்டை" என்பார் உல்கான்.

கடைசியாக அவர் நடத்திய வகுப்பில் முதலாண்டுப் பெண்கள் எட்டே பேர். காலர் மெஷினில் ஷெகெர் என்ற பதினாறு வயதுப் பெண். அவளுக்குப் பேச்சு திக்கும். ஒரு சொல்லைத் தொடங்கினால் அது வெளியே வர நாம் காத்திருக்க வேண்டும். சேர்க்கை நாளில் அவள் உல்கானிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"எ... எஜே, இங்க எனக்குச் ச... சளி பிடிக்குமா?"

எங்கள் ஊரில் பெண் ஆசிரியர்களை எஜே, அக்கா, என்றும் ஆண் ஆசிரியர்களை அகாய் என்றும்தான் கூப்பிடுவோம். உல்கானுக்குக் கேள்வி புரியவில்லை. ஷெகெரோடு ஒரே பள்ளியில் படித்துவிட்டு வந்திருந்த பெரிஸாத் பக்கத்தில் நின்றாள். வாய்க்குப் பூட்டே இல்லாத பெண்.

"அது வந்து எஜே, திறந்த பாடம்னு மேலிடத்து ஆளுங்க கிளாஸைப் பாக்க வருவாங்கல்ல? அதுக்கு முத நாளு டீச்சர் இவளைக் கூப்பிட்டு, 'நாளைக்கு உனக்குச் சளி, வீட்ல இரு'ன்னுடுவாங்க. வருஷத்துக்கு நாலு சளி இவளுக்கு. எட்டாங்கிளாஸ்ல ஒரு தடவை ஜுரமே வந்துச்சு. அன்னிக்கு வந்தவரு ரொம்பப் பெரிய ஆளு."

உல்கான் சிரிக்கவில்லை. "இங்க யாருக்கும் சளி பிடிக்காது. மெஷின் எட்டு. எட்டுப் பேரும் உக்காந்தாத்தான் சட்டை" என்றார்.

அன்றிலிருந்து ஷெகெர் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. ஜனவரிப் பனியில் பஸ் நின்றுபோன நாளிலும் நாலு கிலோமீட்டர் நடந்து வந்தாள். மார்ச்சுக்குள் அவள் தைத்த காலர் ஒன்றுகூட மடிக்குத் திரும்பவில்லை.

அந்த மார்ச்சில்தான் குழுவேலை என்ற நோய் எங்கள் பள்ளிக்கு வந்தது.

தலைநகரில் ஏதோ ஒரு திட்டம், குழுவேலையில் சிறந்த தொழிற்பள்ளியைத் தேர்ந்தெடுத்து மாதிரிப் பள்ளி என்று அறிவிக்கப் போகிறது. தேர்வானால் இருபது புது மெஷின் வரும். எங்கள் துணைத் தலைமை ஆசிரியை திலாரா எசெனோவ்னா ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் குழுவேலைப் பயிற்சிக்குப் போய்வந்தார். வரும்போது ஒரு சான்றிதழும், ஒரு பை நிறைய ஒட்டும் வண்ணச் சீட்டுகளும், வட்டம் என்ற ஒரு சொல்லும் கொண்டுவந்தார்.

"சகின், இந்த மெஷினையெல்லாம் வட்டமாப் போடுங்க" என்றார் என்னிடம்.

"வட்டமாவா? கட்டு எப்படி கைமாறும்?"

"வரிசையெல்லாம் சோவியத் காலத்தோட போச்சு. வட்டம்னாத்தான் குழு. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பாத்துக்கணும்."

"தைக்கிறவ ஊசியைப் பாக்கணும் திலாரா எசெனோவ்னா. அடுத்தவ கண்ணைப் பாத்தா ஊசி விரல்ல ஏறும்."

"நீங்க மெக்கானிக். போடுங்க."

போட்டேன். தரையில் முடுக்கியிருந்த மேசைகளைக் கழற்றி, எட்டையும் வட்டமாக நிறுத்தினேன். சுவரிலிருந்து ஒயர் ஐந்து மெஷினுக்குத்தான் எட்டியது. மீதி மூன்றுக்கு மின்சாரம் இல்லை. சொன்னேன். "பரவாயில்ல, அந்த மூணுல உக்கார்றவங்க துணியைச் சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்று பதில் வந்தது. அப்போதே ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எந்த மெஷினுக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று சாக்பீஸால் காலில் குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் திலாரா எசெனோவ்னாவும் தலைமை ஆசிரியர் சபிர் அகாயும் தையல் அறைக்கு வந்தார்கள். உல்கான் மட்டும் இருந்தார். நான் மேசைக்கடியில் கிடந்தேன். என்னை அவர்கள் ஒரு ஆளாகவே எண்ணவில்லை.

"வெள்ளிக்கிழமை தேர்வுக் கமிஷன் வருது. மூணு பேரை மாத்தணும்" என்றார் திலாரா எசெனோவ்னா. "ஷெகெர் ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள கமிஷன் டீயே குடிச்சு முடிச்சிரும். கலீமாவுக்கு எதைப் பாத்தாலும் சிரிப்பு. பெரிஸாத் வாயைத் தொறந்தா உள்ளது உள்ளபடி கொட்டிருவா. மூணாம் வருஷத்துல அழகாப் பேசுற பொண்ணுங்க மூணு பேரை உக்கார வெச்சுக்கலாம்."

"அவங்களுக்கு இந்த லைன் பழக்கமே இல்ல" என்றார் உல்கான்.

"பழக்கம் எதுக்கு? மெஷினுக்குத்தான் கரண்டே இல்லையே."

"நான் இந்தப் பொண்ணுங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். யாரையும் எழுப்பி அனுப்ப மாட்டேன்னு."

சபிர் அகாய் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலே உயராது. அந்தக் குரலில்தான் எல்லா அசிங்கத்தையும் செய்வார்.

"உல்கான், மூணு பேருக்காக எட்டுப் பேரையும் தெருவுல விடுவீங்களா? தேர்வாகலைன்னா செப்டம்பர்ல தையல் பிரிவே கிடையாது. மேல முடிவாயிருச்சு. இந்த எட்டும் சமையல் பிரிவுல பூர்சோக் மாவுருண்டை பொரிக்கப் போகும்."

"இப்பவே பொரிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க அகாய்? ரெண்டாம் வருஷப் பொண்ணுங்க ரெண்டு நாளா கிளாஸுக்கு வரல. கமிஷனுக்கு மாவு பிசையறாங்க."

"அதுவும் குழுவேலைதான். ஒரே ஒரு நாள், உல்கான். குழுன்னா தியாகம் இருக்கத்தான் செய்யும்."

"யாரோட தியாகம்?"

"குழுவோட."

உல்கான் "ஒரு நாள்தானே?" என்று கேட்டார். மேசைக்கடியிலிருந்து எனக்கு அவருடைய காலணி மட்டும்தான் தெரிந்தது.

மதியம் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் சொன்னார். கையில் ஒரு பாபினை, மெஷினின் அடிநூல் உருளையை, வைத்துக்கொண்டு, அதில் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஷெகெர், கலீமா, பெரிஸாத். வெள்ளிக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"ஏன் எஜே? சளியா?" என்று கேட்டாள் பெரிஸாத்.

கலீமா சிரித்தாள். அவளுக்கு அப்படித்தான், அடக்க முடியாது. இரண்டாவது சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஷெகெர் மெஷினில் இருந்த காலரைத் தைத்து முடித்து, நூலை வெட்டி, கட்டின் சீட்டில் தன் எண்ணைப் போட்டு, அடுத்த மேசையில் வைத்தாள். மேலங்கியை எடுத்துக்கொண்டு போனாள். மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை முழுக்க ஒத்திகை. கேள்வி என்ன, பதில் என்ன, யார் எப்போது யாரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருந்தது. திலாரா எசெனோவ்னா வட்டத்தின் நடுவில் நின்று கைதட்டினார்.

"கமிஷன் எதாவது கேட்டா எல்லாரும் கை தூக்கணும். ஒருத்தி தூக்கலைன்னாலும் குழு கெட்டுது. பதில் தெரிஞ்சா வலது கை. தெரியலைன்னா இடது கை. நான் வலது கையைத்தான் கூப்பிடுவேன். புரிஞ்சுதா?"

எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை கமிஷன் வந்தது. மூன்று பேர். இரண்டு ஆண்கள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குல்சுன் கெரிமோவ்னா என்ற அம்மாள்தான் எல்லாம். சாம்பல் நிறக் கோட்டு, கூர்மையான பார்வை. சுவரில் ஐந்து விரல் சேர்ந்து முஷ்டியாகும் படம். மேசைகளில் வண்ணச் சீட்டுகள். ஐந்து மெஷின் ஓடியது. மற்ற மூன்றில் மூன்றாம் ஆண்டுப் பெண்கள் செத்த ஊசிக்கடியில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். துணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் கொடுக்க வேண்டியிருந்ததால் இரண்டு முறை கீழே விழுந்தது. உல்கான் தாளில் இருந்ததை வாசிப்பது போலப் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"குழுவுல உங்க பங்கு என்னன்னு யார் சொல்றீங்க?" என்று கேட்டார் குல்சுன் கெரிமோவ்னா.

எட்டுக் கைகள் எழுந்தன. ஐந்து வலது, மூன்று இடது. திலாரா எசெனோவ்னா ஒரு வலது கையைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள் ஷெகெருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த மூன்றாம் ஆண்டு எல்னூராவைக் காட்டினார். "இடது கை தூக்கின இந்தப் பொண்ணு சொல்லட்டும்."

எல்னூரா எழுந்தாள். "நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் உதவி செஞ்சுக்கறோம்."

"நல்லது. உன் பக்கத்துல இருக்கிற பொண்ணு என்ன வேலை செய்றா?"

"அவளும் உதவி செய்றா."

"சரி. அவ பேரு என்ன?"

பக்கத்தில் இருந்தவள் உதட்டை அசைத்துக் காட்டினாள். எல்னூரா அதைப் பார்த்துப் பார்த்து, "ஜீ... ஜீபெக்" என்றாள்.

குல்சுன் கெரிமோவ்னா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏன்டி பொண்ணே, இடது கைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? நான் பதினெட்டு வருஷம் டீச்சரா இருந்தவ. நாங்களும் எங்க பிள்ளைங்களுக்கு இதையேதான் சொல்லிக் குடுத்தோம்!"

முதலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு சபிர் அகாய் சிரித்தார், திலாரா எசெனோவ்னா சிரித்தார், போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டதைப் போல ஒரு மகிழ்ச்சி. அந்த அம்மாள் இப்போது தாளைக் கிழித்துப் போடுவார் என்று நான் நினைத்தேன். என் முட்டாள்தனம் அது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாளில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். எட்டி நின்ற எனக்கே படிக்க முடிந்தது.

பொய்யைக் கண்டுபிடிக்காதவர்களை மன்னிக்கலாம். கண்டுபிடித்து, கன்னத்தில் தட்டிக்கொடுத்து, கையெழுத்தும் போடுகிறவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பரிசாகக் கொடுக்க மூன்று சட்டைகள் வைத்திருந்தார்கள். எட்டுப் பேரும் பிப்ரவரியில் தைத்தவை. குல்சுன் கெரிமோவ்னா ஒன்றை விரித்து, காலர் முனையைத் தடவினார். தையல் தெரிந்தவர்தான்.

"அட, இந்தக் காலரை யாரு தைச்சது?"

உல்கான் வாயைத் திறந்தார்.

"குழு" என்றார் திலாரா எசெனோவ்னா. "எங்ககிட்ட தனி ஆள் பேரெல்லாம் கிடையாது. எல்லாமே குழு."

கட்டுகளில் இருந்த எண் சீட்டுகளைத் திலாரா எசெனோவ்னா காலையிலேயே உருவிக் குப்பையில் போட்டிருந்தார். உல்கான் திறந்த வாயை மூடிக்கொண்டார். அனுப்பியது ஒரு தப்பு என்றால் இது இரண்டாவது. இதை நான் அவரிடம் பிறகு நேரிலேயே சொன்னேன். "தெரியும்" என்றார்.

விருந்துக்கு இரண்டு ஆடு. மாவு பிசைந்து கைவலித்த பெண்கள் தட்டுத் தூக்கினார்கள். சபிர் அகாய் எழுந்து, "நாம எல்லாரும் ஒரு குடும்பம்" என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசினார். கொழுப்பு உதட்டோரம் உறைந்துகொண்டிருந்தது. உல்கானுக்கு நல்ல துண்டாகப் பார்த்து வைத்தார்கள். அவர் தொடவில்லை.

திங்கட்கிழமை, பள்ளி தேர்வாகிவிட்டது என்ற பேச்சுக்கு நடுவில், கலீமாவும் பெரிஸாத்தும் வந்தார்கள். ஷெகெர் வரவில்லை. நான் மேசைகளை மறுபடி வரிசையாகப் போட்டிருந்தேன். காலர் இடத்தில் உல்கானே உட்கார்ந்தார். லைன் ஓடியது, ஆனால் யாரும் யாருடைய கட்டிலிருந்தும் பீஸ் எடுக்கவில்லை. பெரிஸாத் முன்னால் குவிந்து சரிந்தது. ஜீபெக் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜீபெக், கண்ணு தெரியலையா?" என்றார் உல்கான்.

"தெரியுது எஜே. அவளும் அன்னிக்கு வந்திருந்தா நாம தேர்வாயிருக்கவே மாட்டோம். வராததே நல்லதாப் போச்சு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, நான் வாய்விட்டுச் சொல்றேன்."

"ஆமாடி, நான் வீட்ல படுத்துக்கிட்டு உங்களுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தேன். காலைத் தொட்டுக் கும்பிடு" என்றாள் பெரிஸாத்.

இந்த முறை கலீமா சிரிக்கவில்லை.

புதன்கிழமை உல்கான் ஷெகெரின் ஊருக்குப் போனார். நானும் போனேன், என் பழைய காரில். அவள் அம்மா முற்றத்தில் கம்பளி அலசிக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார், டீ போட எழுந்தார். உல்கான் வாசற்கதவிலேயே நின்றார். ஷெகெர் வந்தாள்.

"நாளைக்கு வா. உன் இடம் காலியாத்தான் இருக்கு" என்றார் உல்கான்.

ஷெகெர் தலையசைத்து மறுத்தாள்.

"நான் செஞ்சது தப்பு. எல்லாரு முன்னாலயும் வேணும்னாலும் சொல்றேன்."

"கோ... கோவம் இல்ல எஜே." நாங்கள் காத்திருந்தோம். "ப... பழைய பள்ளிக்கூடத்துல சளின்னு சொல்லும்போது அவங்க என் மூ... மூஞ்சியைப் பாத்துச் சொன்னாங்க. நீங்க பா... பாபினைப் பாத்துச் சொன்னீங்க."

அவள் அம்மா டீக் கிண்ணங்களோடு வந்தபோது நாங்கள் காரில் ஏறிவிட்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்து ஷெகெர் தலைநகருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று பெரிஸாத் சொன்னாள்.

ஏப்ரலில் மாதிரிப் பள்ளி என்று பலகை மாட்டினார்கள். இருபது மெஷின் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மற்ற தொழிற்பள்ளி ஆசிரியர்களுக்கு உல்கான் குழுவேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி அவர் சபிர் அகாயிடம் போனார். "அது உங்க பேரு இல்ல உல்கான், குழுவோட பேரு" என்று மென்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பயிற்சி நாளில் இருபத்திரண்டு ஆசிரியர்கள். வட்ட மேசைகள். படம் காட்டும் கருவிக்கு ஒயர் போட நான் அறையில் இருந்தேன். திலாரா எசெனோவ்னா உல்கானை அறிமுகப்படுத்தி, எழுதித் தந்த தாளைக் கையில் கொடுத்தார். உல்கான் அதை மடித்து மேசையில் வைத்தார்.

"என்கிட்ட எட்டுப் பொண்ணுங்க இருந்தாங்க. நல்ல லைன்" என்றார். "கமிஷன் வந்தப்போ அதுல மூணு பேரை வெளிய அனுப்பிட்டு, பேரு தெரியாத மூணு பேரைச் செத்த மெஷின்ல உக்கார வெச்சேன். அதனாலதான் ஜெயிச்சோம். அனுப்பினதுல ஒருத்தி திரும்பி வரல. மிச்ச ஏழு பேரும் இப்ப ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்கறதில்ல. நாங்க செஞ்ச குழுவேலை இதுதான். வேற ஒண்ணும் இல்ல."

திலாரா எசெனோவ்னா வெளுத்துப்போனார். கொஞ்ச நேரத்தில் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்மேசையில் இருந்த ஓர் இளம் ஆசிரியை கையைத் தூக்கினாள். முகத்தில் கேலி இல்லை, உண்மையான அக்கறை.

"எஜே, எட்டுல மூணுன்னு சொன்னீங்க. எங்க கிளாஸ்ல இருபத்துநாலு பேரு. அப்ப ஒன்பதா?"

உல்கான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திலாரா எசெனோவ்னாவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "நல்ல கேள்வி! இதைக் குழுவாவே பேசி முடிவு பண்ணலாம்" என்று எழுந்து, மேசைக்கு மேசை வண்ணச் சீட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்.

உல்கான் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அன்று மதியமே வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்தார். தடுத்தவர் யாரும் இல்லை.

இப்போது தலைநகரில் மறுபடியும் ஒரு லைனில் உட்கார்ந்து கைப்பட்டி தைக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. போன வாரம் போன் செய்தேன். முதுகு வலிக்கிறதாம், மற்றபடி வேலை பழகிவிட்டதாம். ஷெகெரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"ஒரு தடவை பஸ்ல. பக்கத்து ஒர்க்‌ஷாப்லதான் இருக்கா. என்னைப் பாத்துட்டு இறங்கிட்டா. அவ ஸ்டாப் இல்ல அது."

"கூப்பிட்டிருக்கலாமே."

"எதுக்கு சகின்? அவ செஞ்சது சரி."